மைக்கில் அம்மா சொன்னது

அம்மாவின் வயிற்றில், தொப்புளுக்குக் கீழே, நெட்டாக ஒரு தழும்பு இருந்தது. நான் பிறந்தபோது அறுத்துத் தைத்த தழும்பு. அதை வீட்டில் பார்த்தது குறைவு. மின்சார ரயிலில் எல்லார் எதிரிலும் பார்க்க வேண்டி வந்துவிடுமோ என்று பயந்ததுதான் அதிகம். தாம்பரத்தில் ஏறிப் பெண்கள் பெட்டியில் உட்கார்வோம். குரோம்பேட்டை வருவதற்குள் எதிர் இருக்கையில் யாராவது ஒருத்தி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்திருப்பாள். பல்லாவரத்தில் கேள்வி வந்துவிடும். “எடுத்து வளக்குறீங்களாம்மா?” அம்மா சிரித்த முகத்தோடு, பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில் சொல்வாள்: “நானே பெத்தேங்க. சிசேரியன். தழும்பு இருக்கு, காட்டட்டுமா?” கை உண்மையாகவே புடவைக் கொசுவத்துக்குப் போய்விடும். கேட்டவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். வெட்கமும் பெருமையும் ஒரே நேரத்தில் வரும் என்பது எனக்கு அந்த ரயிலில்தான் தெரிந்தது.

அம்மா தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா கென்யாவிலிருந்து இங்கே கல்லூரியில் படிக்க வந்தவர். காய்ச்சலில் படுத்தவருக்கு ஊசி போடப் போய் ஆரம்பித்த கதை என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் கேட்டால், “போய்ப் படி” என்பாள். பதிவுத் திருமணம். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே, தன் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று அவர் ஊருக்குப் போனார். கொஞ்ச காலம் கடிதம் வந்ததாம். பிறகு வரவில்லை. செத்தாரா, மறந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் விட்டுப்போன சொத்து என் நிறமும் தலைமுடியும்தான், அவற்றை யாரும் பங்கு கேட்கவில்லை.

சேலையூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் யாரும் வெள்ளைத்தோல் இல்லை. எல்லாரும் வெயிலில் நின்று பிழைத்தவர்கள், கறுத்தவர்கள். ஆனால் அவர்களுடைய கறுப்பு வேறு, என்னுடையது வேறு என்பதில் தெருவுக்கே ஒற்றுமை இருந்தது. அவர்கள் மாநிறம், கொஞ்சம் கறுப்பு, களையான கறுப்பு. நான் ஆப்பிரிக்கா. மளிகைக்கடைக்காரர் என்னிடம் மட்டும் இங்கிலீஷில் பேசுவார். “அண்ணா, கால் கிலோ துவரம்பருப்பு குடுங்க” என்று நான் கேட்டால், கடையில் நிற்பவர்கள் பேசும் கிளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, “இன்னா சூப்பரா தமிழ் பேசுது பாரேன்” என்பார்கள். நான் வேறு எந்த மொழி பேச வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ, தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான். பையன்கள் வைத்த பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. காகிதம் அதற்கில்லை.

பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டால் மூன்று ராஜாக்களில் கறுப்பு ராஜா வேஷம் வருஷம் தவறாமல் எனக்குத்தான். நான் தேவதை வேஷம் கேட்டபோது டீச்சர் கோபப்படவில்லை, பரிதாபப்பட்டார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. இரட்டைப் பின்னல் கட்டாயம், மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். என் முடியோ தோளை எட்டாது, சுருண்டு மேலேதான் போகும். தினமும் காலையில் அம்மா தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவி, சீப்போடு மல்லுக்கட்டுவாள். நான் கத்துவேன். “உன் அப்பன் தலைடி இது, என் பேச்சக் கேக்காது” என்று சிரித்துக்கொண்டே இழுப்பாள். கடைசியில் ரெண்டு பக்கமும் கட்டைவிரல் நீளத்துக்கு எதையோ பின்னி, அதில் ரிப்பனைச் சுற்றி அனுப்புவாள். யாராவது வகுப்பில் தலையைத் தொட்டுப் பார்த்தால் திருப்பி அவர்கள் தலையைத் தொடச் சொல்லியிருந்தாள். அப்படியே செய்தேன். நிறைய அடி வாங்கினேன்.

இப்படிப்பட்ட அம்மாவைத்தான் வியாதி மடக்கியது. கர்ப்பப்பையில் புற்று. ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தவளிடம் டாக்டர்கள் மழுப்பவில்லை. மருந்தில் முடி கொட்டி, எப்போதும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். அந்தச் சமயம் பார்த்து நான் வயசுக்கு வந்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லா அம்மாவும் அழுவார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். தனக்கு நாள் அதிகமில்லை. தான் போன பிறகு ஒரு கறுப்புப் பெண் தனியாக இந்த ஊரில் வாடகைக்கு ஒரு அறைகூடப் பிடிக்க முடியாது. விடுதியில் விடலாம் என்று கேட்டுப் பார்த்திருக்கிறாள், “கார்டியன் யாரு?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். “உனக்கு ஒரு வீடு வேணும்டி. ஒரு ஆம்பளையோட பேரு உன் பேருக்குப் பக்கத்துல வேணும். உனக்கு ஒரு மாமன் இருக்கான்” என்றாள்.

எனக்கு மாமா இருப்பது அதுவரை தெரியாது. பெருங்களத்தூரில் அம்மாவின் பிறந்த வீடு. ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்கள்; நிலத்துக்கு விலை ஏற ஆரம்பித்ததும் மாமா மனை போட்டு விற்கத் தொடங்கிவிட்டார். அம்மா கல்யாணம் செய்துகொண்ட அன்றோடு அந்த வீட்டில் அவள் பேச்சே இல்லை. தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். போனதில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் சடங்கான பிறகு தாய்மாமன்தான் சீர்த்தட்டோடு வர வேண்டும். அவர் மாலை போட்டால்தான் பெண்ணுக்குத் தாய்வீட்டுப் பக்கம் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஊரறிய மாலை போட்டவன் பிறகு கை கழுவ முடியாது. அம்மா அதைத்தான் கணக்குப் போட்டாள். ஆனால் அண்ணனிடம் போய்க் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வேறொன்று செய்தாள். மேற்குத் தாம்பரத்தில் அச்சகத்துக்குப் போய் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை அடித்தாள். “தங்கள் நல்வரவை விரும்பும் தாய்மாமன்” என்று போட்டு, அதன் கீழே அவரைக் கேட்காமலே அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டாள். முதலில் பெருங்களத்தூர் உறவுக்காரர்களுக்கு ஆள் மூலம் கொடுத்துவிட்டு, கடைசியில்தான் அவருக்கு அனுப்பினாள். ஊருக்கெல்லாம் பத்திரிகை போன பிறகு அவர் வராமல் இருந்தால் அவருக்குத்தான் அவமானம் என்று நம்பினாள். வெட்கங்கெட்ட வேலைதான். வேறு வழியிருந்தவள் அதைச் செய்திருக்கமாட்டாள்.

மாமா மறுநாளே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எங்கள் பத்திரிகை. அம்மாவின் ஜாடையில் ஓர் ஆம்பளை எங்கள் வீட்டு வாசலில் நின்றதை நான் வாய் பிளந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் இருந்த இடத்தைச் சுற்றி மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

“யாரைக் கேட்டு எம் பேரைப் போட்ட?” என்றார் அம்மாவிடம். “நீ வடக்க எங்கியோ நர்ஸா கீற, கண்ணாலமே வாணாம்னுட்டன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிகினு கீறேன். இப்ப இன்னா மூஞ்ச வெச்சிகினு நான் ஊருக்குள்ள நடக்கறது?”

அம்மா தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். அவ்வளவுதான். மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் அழுதார். இதை நான் சொல்லாமல் விட்டால் பாவம். தங்கைக்காக அவர் நிஜமாகவே அழுதார்.

“எனக்கு நாள் இல்லண்ணா. இவள மட்டும் பாத்துக்கோ.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். மனை விற்பவர் இல்லையா, பேரம் தானாக வந்தது. “வரேன். சீரோட வரேன். உனக்கப்புறம் என் வூட்லயே வெச்சிக்கறேன், படிக்க வெக்கறேன். ஆனா ஒண்ணு. இது நீ பெத்ததுன்னு எவன் காதுலயும் விழக் கூடாது. எடுத்து வளத்ததுன்னு சொல்லு. ஆஸ்பத்திரில எவளோ வுட்டுட்டுப் போன கொயந்தன்னு சொல்லு. அநாதப் புள்ளைக்கு மால போட்டேன்னா ஊரே என்னைக் கும்புடும். அவனுக்குப் பொறந்ததுன்னா, எனக்கு ரெண்டு பொண்ணு கீது, எவன் பொண்ணு கேட்டு என் வாசப்படி ஏறுவான்?”

“கேக்கறவங்ககிட்ட சொல்லிடறேன்” என்றாள் அம்மா.

“அது ஆவாது. நாலு பேரு நாலு விதமா பேசுவான். மைக்குல சொல்லு. நீயே சொல்லு.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். கத்தக்கூடச் செய்தேன் என்று நினைக்கிறேன். அவள் திரும்பிக்கொண்டு, “சரிண்ணா” என்றாள். அதற்குப் பிறகுதான் மாமா எங்கள் வீட்டில் காபி குடித்தார்.

அவர் போனதும் அம்மாவிடம் சண்டை போட்டேன். நான் தெருவில் நிற்கிறேன், பிச்சை எடுக்கிறேன், எனக்கு மாமாவும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினாள். “பதிமூணு வயசுல தெருவுல நிக்கறேங்கறது வசனம்டி. நின்னு பாத்தவங்களுக்கு நான் ஆஸ்பத்திரில கட்டுப் போட்டிருக்கேன்” என்றாள். எனக்கு வேறு ஆயுதம் கிடைக்கவில்லை. “அப்போ தழும்பு? யாராச்சும் கேட்டா?” என்றேன். அம்மாவின் கை நின்றது. பிறகு, “அப்பெண்டிக்ஸ்னு சொல்லிக்கலாம்” என்றாள். ஒரு நர்ஸுக்குத் தெரியாதா, அப்பெண்டிக்ஸ் தழும்பு எந்தப் பக்கம் இருக்கும் என்று.

விழாவன்று ஜி.எஸ்.டி. ரோட்டோரம் சின்னதாக ஒரு மண்டபம். அலங்காரம் செய்ய வந்த அக்கா என் முடியைப் பார்த்துவிட்டு, “இதுல எங்க சவுரியைக் கட்டறது?” என்று கையைப் பிசைந்தாள். ஒரு வழியாக ஊசிகளைக் குத்திக் குத்திச் சவுரியை நிறுத்தி, அதன்மேல் பூ ஜடையைத் தைத்தாள். பிறகு முகத்துக்கு வந்தாள். அப்போது அம்மா குனிந்து மெல்லச் சொன்னாள்: “கொஞ்சம் கலராக் காட்டுங்கம்மா.” நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். ரயில் பெட்டியில் கொசுவத்தில் கை வைத்தவளா இவள் என்று பார்த்தேன். அவள் என் கண்ணைச் சந்திக்கவில்லை. பான்கேக் பூச்சைக் குழைத்துக் குழைத்து அப்பினாள் அந்த அக்கா. கண்ணாடியில் நான் சாம்பல் நிறத்தில் இருந்தேன். கழுத்தும் கையும் மட்டும் என்னுடையவையாக இருந்தன.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. டெம்போ வைத்து, மேளத்தோடு, பழம், பூ, பட்டு, வெள்ளிக் கொலுசு என்று தட்டுத் தட்டாக வந்தது. பெருங்களத்தூர் சனமே வந்து நாற்காலிகளை நிரப்பியது. மைக் வைத்திருந்தவர் சீர் கொண்டுவந்தவர்களின் பெயர்களை ராகம் போட்டு வாசித்துவிட்டு, அம்மாவிடம் மைக்கை நீட்டினார். அம்மா ஒல்லிக் கையால் அதை வாங்கினாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் பேசும் நிதானமான குரலில் பேசினாள்.

“வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க. இது நான் பெத்த பொண்ணு இல்ல. ஆஸ்பத்திரியில யாரோ விட்டுட்டுப் போன குழந்தை. மனசு கேக்காம எடுத்து வளத்தேன். எங்கண்ணன் இன்னைக்கு இதுக்கு மாமனா வந்து நிக்கறாரு. அவருக்கு நான் நன்றி சொல்லணும்.”

கை தட்டினார்கள். முன்வரிசையில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும் என்று இப்போது எனக்குத் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்பு அம்மா யாரோடு போனாள் என்று பேசிப் பேசி ஓய்ந்தவர்களே அவர்கள்தானே. அந்தப் பொய் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாருக்கும் வசதியாக இருந்தது, அவ்வளவுதான். மாமா எழுந்து வந்து எனக்கு மாலை போட்டார். மாலையின் ரோஜாக்களில் என் கன்னத்துப் பவுடர் ஒட்டிக்கொண்டது. “நல்லா இரும்மா” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. பஞ்சைத் தேங்காயெண்ணெயில் முக்கி என் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒரு பஞ்சு, இன்னொரு பஞ்சு, பிறகு கையாலேயே. எனக்கு எரிந்தது. “விடும்மா, வலிக்குது” என்றேன். அவள் காதில் விழவில்லை. “என் பொண்ணு எங்கடி, எம் பொண்ணு எங்க” என்று கேட்டுக்கொண்டே தேய்த்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. கடைசியில் என் கறுப்பு முழுசாக வெளியே வந்ததும், இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டாள். மைக்கில் சொன்னதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ரயிலில் யாராவது கேட்டால் மட்டும், அதற்கப்புறம், “ஆமாங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அம்மா செய்த பேரத்தில் மாமா ஒரு சல்லிக்காசு குறை வைக்கவில்லை. அம்மாவுக்குப் பிறகு என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார், கல்லூரி வரை படிக்க வைத்தார். அத்தை தட்டில் குறை வைத்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமா, “தங்கச்சி எடுத்து வளத்த புள்ள” என்று என்னை அறிமுகப்படுத்துவார். வந்தவர்கள் அவரைப் பெரிய மனுஷன் என்பார்கள். நிஜமாகவே அவர் மோசமானவர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மோசமானவராக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருப்பேன். இரண்டு மகள்களுக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. இரண்டு கல்யாணத்திலும் பந்தியில் நான்தான் ஓடி ஓடிப் பரிமாறினேன்.

இப்போது நான் வேலைக்குப் போகிற ரயிலில் காட்டாங்குளத்தூர் கல்லூரியில் படிக்கும் ஆப்பிரிக்கப் பெண்கள் ஏறுகிறார்கள். சடைசடையாகப் பின்னிய தலையோடு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். ஆட்கள் இன்னும் நகர்ந்துதான் உட்காருகிறார்கள். பையன்கள் இன்னும் திருட்டுத்தனமாகப் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்ததும் எந்த நாடு என்று கேட்கிறார்கள். “தாம்பரம்” என்று சொன்னால் அவர்களும் நம்புவதில்லை. அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடும் அங்கே ஒரு தாயும் உண்டு என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. மறைப்பானேன், பொறாமைதான்.

மாமா வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போன நாள், அம்மாவைக் கொண்டுபோன நாள். பிறந்த வீட்டுக்குள் அவளைப் பிணமாகத்தான் சேர்த்தார்கள். கூடத்தில் கிடத்தி, மாமா கோடித் துணி போட்டார். நான் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். காரியம் செய்ய வந்தவர், “பெத்த புள்ளைங்க யாருன்னா கீதா? முதல்ல வந்து வாய்க்கரிசி போடுங்க” என்று குரல் கொடுத்தார். நான் எழப்போனேன். மாமாவின் கை என் தோளில் விழுந்தது. அழுத்தவில்லை. சும்மா வைத்தார். அந்தக் கை எதைக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கைக்காகத்தான் அம்மா அத்தனை பேர் எதிரில் மைக்கைப் பிடித்தாள் என்பதும் தெரிந்தது. இப்போது நான் எழுந்தால் அவள் பட்ட அவமானம் வீணாகிவிடும்.

“பெத்தது யாருமில்ல” என்றார் மாமா. இரண்டு பெண்களுக்கும் பின்னால் பிறந்த அவர் மகன் போட்டான். பிறகு உறவுப் பெண்கள் போட்டார்கள். தெருப் பெண்கள் போக ஆரம்பித்தபோது நானும் எழுந்து அவர்களோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அரிசியை அம்மாவின் வாயருகே கொண்டுபோனதும் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் மேல் விழுந்து கதறினேன். யாரோ என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டு, உண்மையான இரக்கத்தோடு பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“வளத்ததுக்கே இன்னா அழுவ அழுவுது பாரேன் இந்தப் புள்ள. பெத்திருந்தா எப்டி அழுதிருக்குமோ!”

மாமா என்னைப் பார்த்தார். நான் அழுகையைக் குறைத்துக்கொண்டேன்.